கொடைக்கானல் குளிரில் கஞ்சிப் பாசி: அகாரை நொதியால் உடைத்த செய்முறைப் பதிவு

மண்டபம் கரையில் உலர்த்திய கஞ்சிப் பாசியிலிருந்து அகாரை எடுத்து, அதே கரையில் அழுகிக் கிடந்த பாசிக் குவியலில் வாழ்ந்த ஒரு பாக்டீரியாவின் நொதியால் அந்த அகாரைச் சிறு சர்க்கரைத் துண்டுகளாக உடைத்து, உப்பு நீக்கி, தூளாக்கும் வேலையைக் கொடைக்கானலில் உள்ள எங்கள் சிறிய ஆய்வுக்கூடத்தில் முழுமையாகச் செய்து பார்த்தோம். இந்த வேலைக்குக் கிடைக்கும் செய்முறைகள் யாவும் சமவெளியில் இருக்கும் ஆய்வுக்கூடங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும், அறையின் வெப்பம் 25 டிகிரியை ஒட்டி இருக்கும், மேசையில் வைத்த தூள் வைத்தபடியே இருக்கும் என்பவற்றைச் சொல்லாமலே அவை எடுத்துக்கொள்கின்றன. சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இந்த மூன்றும் பொய்த்துப் போகின்றன. எங்கெங்கே முறையை மாற்ற வேண்டியிருந்தது, எங்கே இந்தக் குளிரே கைகொடுத்தது என்பதை மலைப்பகுதிக் கல்லூரிகளில் இதே வேலையைச் செய்ய விரும்புவோருக்காக விவரமாக எழுதி வைக்கிறேன்.

முதலில், எதை உடைக்கிறோம் என்பது. நோன்புக் காலத்தில் வீடுகளில் பால் சேர்த்துக் காய்ச்சி உறைய வைக்கும் கடற்பாசியும், பெட்ரித் தட்டில் நாங்கள் ஊற்றும் அகாரும் ஒரே பொருள்தான். அதன் முக்கியப் பகுதி அகரோஸ். டி-காலக்டோஸ், 3,6-அன்ஹைட்ரோ-எல்-காலக்டோஸ் ஆகிய இரண்டு சர்க்கரைகள் மாறி மாறிக் கோக்கப்பட்ட நீண்ட சங்கிலி அது; ஒரு பிணைப்பு பீட்டா-1,4 என்றால் அடுத்தது ஆல்ஃபா-1,3. இந்தச் சங்கிலியை நீர்த்த அமிலத்தில் காய்ச்சியும் உடைக்கலாம். ஆல்ஃபா-1,3 பிணைப்புகள் முதலில் அறுபடும் என்றாலும் அமிலம் அத்துடன் நிற்பதில்லை. விடுபட்ட அன்ஹைட்ரோகாலக்டோஸ் அந்தச் சூட்டிலேயே சிதைந்து, ஹைட்ராக்ஸிமெத்தில் ஃபர்ஃபுரால் என்ற வேண்டாத பொருள் உண்டாகி, கரைசல் பழுப்பேறிவிடும். கடல் பாக்டீரியாக்கள் சுரக்கும் பீட்டா-அகாரேஸ் நொதியோ பீட்டா-1,4 பிணைப்பை மட்டுமே தொடுகிறது. அதனால் விளையும் துண்டுகளில் இரண்டு, நான்கு, ஆறு என இரட்டைப்படையில்தான் சர்க்கரைகள் இருக்கும். நியோஅகாரோபயோஸ், நியோஅகாரோடெட்ரோஸ், நியோஅகாரோஹெக்சோஸ் என்று அவற்றுக்குப் பெயர். மூலக்கூறு எடை முறையே சுமார் 324, 630, 936. ஊட்டத்துணையாகக் கருதப்படும் எந்தப் பொருளுக்கும் அதில் என்ன இருக்கிறது என்று அறுதியிட்டுச் சொல்ல முடிய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அகாரை நொதியால் உடைப்பதற்கு நான் சொல்லும் முதல் காரணம் அதுதான். செலவு, சுற்றுச்சூழல் என்ற மற்ற காரணங்களெல்லாம் அதன் பிறகே.

மனித உடலின் சொந்த நொதிகளால் அகாரைச் செரிக்க முடியாது. பெருங்குடலில் வாழும் பாக்டீரியாக்களில் சில அதைச் செய்யக்கூடும். அந்தத் திறமையே கடலிலிருந்து வந்ததாக இருக்கலாம் என்று 2010ஆம் ஆண்டு நேச்சர் இதழில் வெளியான ஆய்வு காட்டியது. நோரி என்ற சிவப்புப் பாசியின் போர்ஃபிரான் சர்க்கரையை உடைக்கும் நொதியின் மரபணு ஸோபெல்லியா கலக்டானிவோரன்ஸ் என்ற கடல் பாக்டீரியாவில் கண்டறியப்பட்டு, அதையொத்த மரபணு ஜப்பானியர்களின் குடலில் வாழும் பாக்டீராய்ட்ஸ் பிளெபியஸ் என்ற பாக்டீரியாவிலும் இருப்பது அதில் தெரியவந்தது. நம் ஊர்க் குடல்களில் அந்த வசதி இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது என்பதால், முன்கூட்டியே உடைத்த துண்டுகளைத் தருவதில் பொருள் இருக்கிறது. நியோஅகார் துண்டுகளை உண்ட எலிகளின் குடலில் பிஃபிடோபாக்டீரியா, லாக்டோபேசில்லஸ் என்ற நன்மை தரும் பாக்டீரியாக்கள் பெருகியதை ஆய்வுகள் காட்டியுள்ளன. மனிதர்களைப் பொறுத்தவரை அந்த அளவுக்குச் சான்று இன்னும் சேரவில்லை. இதை நினைவில் வைத்துக்கொண்டுதான் மேற்கொண்டு படிக்க வேண்டும்.

மூலப்பொருளுக்குக் கிராசிலேரியா எடுலிஸ் என்ற கஞ்சிப் பாசியைத் தேர்ந்தெடுத்தோம். மரிக்கொழுந்துப் பாசியில் கிடைக்கும் அகார் இதைவிடத் தரமானது. ஆனால் அது மெதுவாக வளர்வது, இயற்கையில் பறித்துப் பறித்துக் குறைந்து வருவது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986ஆம் ஆண்டு முதல் கடல்சார் தேசியப் பூங்காவாக இருப்பதால் அங்கே பாசி எடுக்கத் தடை உண்டு. எனவே கயிற்றில் கட்டி வளர்த்த கஞ்சிப் பாசியையே கேட்டு வாங்கினோம். பாம்பன் பக்கத்தில் பாசித் தொழில் செய்யும் ஓர் அக்காவிடம், மழை தொடங்குவதற்குள் அனுப்பிவிடுங்கள் என்று தொலைபேசியில் சொன்னபோது அவர் சொன்ன பதில் எந்தத் தர அறிக்கையையும்விடப் பயனுள்ளதாக இருந்தது: “மழத்தண்ணி பட்ட பாசி வெளுத்துரும் டீச்சர், பாக்கத்தான் சுத்தமா இருக்கும், காச்சினா ஒண்ணும் எறங்காது. கருஞ்சிவப்பா, உப்புப் பூத்ததா பாத்து வாங்குங்க.” சாக்கில் கட்டிய பாசி மதுரை வழியாகப் பேருந்துப் பார்சலில் வந்து சேர்ந்தது. சிப்பித் துண்டும் மணலும் நிறைய இருக்கும். குளிர்ந்த தண்ணீரில் நன்றாக அலசி, கையால் பொறுக்கி எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அலசிய பாசியை 5 சதவீத சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் 85 டிகிரியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வைத்தோம். கிராசிலேரியாவின் அகாரில் சல்பேட் ஏறிய எல்-காலக்டோஸ் ஆங்காங்கே கலந்திருக்கும். காரச் சூட்டில் அந்தச் சல்பேட் விலகி, அந்த இடம் அன்ஹைட்ரோகாலக்டோஸாக மாறுகிறது. அகார் தொழிலில் இதைக் கட்டி இறுகுவதற்காகச் செய்கிறார்கள். எங்களுக்கு வேறொரு பயனும் கிடைத்தது: சல்பேட் ஏறிய இடங்களில் பீட்டா-அகாரேஸால் சரியாகப் பற்றி வெட்ட முடிவதில்லை என்பதால், காரத்தில் வைத்த அகார் நொதிக்கு எளிதாக இணங்கியது. காரத்தில் வைக்காமல் எடுத்த அகாரையும் பக்கத்தில் வைத்துச் செய்து பார்த்தோம். அதில் கடைசிவரை உடையாத ஒரு பகுதி கொழகொழப்பாகத் தங்கியது. காரத்தைக் கழுவி நீக்கி, மிக நீர்த்த அமிலத்தால் நடுநிலைக்குக் கொண்டுவந்த பிறகே அடுத்த வேலை.

இங்கேதான் உயரம் முதலில் குறுக்கிட்டது. கொடைக்கானலில் தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதற்கு மேல் எவ்வளவு எரித்தாலும் சூடு ஏறாது. திறந்த பாத்திரத்தில் அகார் இறங்குவதற்கு மிகுந்த நேரம் பிடித்ததால் குக்கருக்கு மாறினோம். குக்கரிலும், கிருமி நீக்கும் ஆய்வுக்கூடக் குக்கரான ஆட்டோகிளேவிலும் ஒரு கணக்கு உண்டு. அதன் எடை, வெளிக்காற்றைவிட 15 பவுண்டு கூடுதல் அழுத்தத்தில் தூக்குகிறது. கடல் மட்டத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் 101 கிலோபாஸ்கல் என்பதால் உள்ளே 121 டிகிரி கிடைக்கும். இங்கே வெளிக்காற்றே 78 கிலோபாஸ்கலை ஒட்டித்தான் இருக்கிறது. ஆகவே அதே முள், அதே 15 பவுண்டு, ஆனால் உள்ளே 117 டிகிரிதான். அகார் எடுப்பதற்கு இந்த நான்கு டிகிரி பொருட்டல்ல. வளர்ப்பு ஊடகத்தைக் கிருமி நீக்கும்போது மிகவும் பொருட்டு. வெப்பம் 10 டிகிரி குறைந்தால் பாக்டீரிய வித்துகளைக் கொல்லப் பத்து மடங்கு நேரம் ஆகும் என்ற பொது விதியின்படி, 4 டிகிரி குறைவுக்கு இரண்டரை மடங்கு நேரம் வேண்டும். புத்தகத்தில் உள்ள 15 நிமிடம் இங்கே ஏறத்தாழ 38 நிமிடம் ஆகிறது. நாங்கள் 45 நிமிடம் வைக்கிறோம். வித்துப் பட்டையை உள்ளே வைத்துச் சோதித்தும் உறுதி செய்துகொள்கிறோம். மலையில் உள்ள காளான் வித்துக் கூடங்களும் திசு வளர்ப்புக் கூடங்களும் ‘காரணம் தெரியாத’ பூஞ்சை, பாக்டீரியத் தொல்லை என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்தக் கணக்கைத்தான்.

காய்ச்சிய சாற்றைச் சூடு ஆறுவதற்குள் இரட்டைத் துணியில் வடிகட்ட வேண்டும். 15 டிகிரி அறையில் துணியிலேயே உறையத் தொடங்கிவிடும் என்பதால், வடிகட்டும் புனலையும் வாளியையும் வெந்நீரில் நனைத்துச் சூடேற்றிக்கொண்டோம். உறைந்த கட்டியைத் துண்டு போட்டு உறைநிலைப் பெட்டியில் வைத்து, மறுநாள் எடுத்து உருக விட்டோம். உள்ளிருக்கும் நீர் பனிக்கட்டியாகும்போது அகார் வலை தனியே நெருங்கி ஒதுங்குகிறது. உருகும்போது உப்பும் நிறமியும் கரைந்த நீர் தானாக வடிந்து, பஞ்சு போன்ற அகார் மட்டும் மிஞ்சுகிறது. குளிர்ந்த நீரில் அகார் கரையாது என்பதால் இழப்பும் இல்லை. ஜப்பானில் 17ஆம் நூற்றாண்டிலிருந்தே அகாரை இப்படித்தான் தூய்மை செய்து வந்திருக்கிறார்கள். கடலே இல்லாத நகானோ மலைப்பகுதி அந்நாட்டில் அகாருக்குப் பெயர்பெற்ற இடமானதற்கு அங்கத்திய இரவுக் குளிரும் பகல் வெயிலுமே காரணம். எங்கள் பக்கத்தில் தை மாத உறைபனி புல்நுனியில் வெண்மையாகப் படியுமே தவிர, ஒரு தட்டு அகாரை அடிவரை உறைய வைக்கப் போதாது. ஆகவே பெட்டிதான். ஆனாலும் பாசிக்கும் மலைக்கும் ஒட்டாது என்று சொல்பவர்களிடம் நான் நகானோவைச் சொல்லத் தவறுவதில்லை.

அடுத்தது நொதி. 1880களின் தொடக்கத்தில் ஜெர்மன் நுண்ணுயிரியலாளர் ராபர்ட் கோஹ்-இன் ஆய்வுக்கூடத்தில் நுண்ணுயிர் வளர்ப்புக்கு அகார் வந்து நிலைத்ததற்குக் காரணமே, பெரும்பாலான பாக்டீரியாக்களால் அதைத் தின்ன முடியாது என்பதுதான். தின்னக்கூடிய ஒன்றை நார்வேயில் கிரான் என்ற ஆய்வாளர் 1902இல் கடல்நீரிலிருந்து பிரித்தெடுத்தார். அப்படிப்பட்டவற்றைத் தேடுவது உண்மையில் எளிது, ஏனென்றால் அவை தாமே காட்டிக்கொடுத்துவிடும். மண்டபத்தில் கரை ஒதுங்கி அழுகிக்கொண்டிருந்த சிவப்புப் பாசியைப் பனிக்கட்டியுடன் தெர்மாகோல் பெட்டியில் கொண்டுவந்து, கிருமி நீக்கிய செயற்கைக் கடல்நீரில் அலசி, அந்த நீரை ஸோபெல் கடல் ஊடகத் தட்டில் பரப்பினோம். சில நாட்களில் சில காலனிகள் மட்டும் தம்மைச் சுற்றிக் குழி பறித்துக்கொண்டு இறங்கின. தட்டைச் சாய்த்து விளக்கொளியில் பார்த்தால், வழவழப்பான பரப்பில் கிண்ணம் போன்ற பள்ளம், அதன் நடுவில் மங்கிய வெள்ளையில் காலனி, பள்ளத்தின் ஓரத்தில் கசிந்து நிற்கும் மெல்லிய நீர் வளையம். லூகால் அயோடினை மேலே ஊற்றினால் உடையாத அகார் பழுப்பேறும். நொதி பரவிய இடம் மட்டும் வெளிறிய வட்டமாகத் தெரியும். பள்ளம் ஆழமாக இருப்பதும் வட்டம் அகலமாக இருப்பதும் எப்போதும் ஒன்றாகவே இருப்பதில்லை. நமக்கு வேண்டியது அகலமான வட்டம், அதாவது நொதியைச் செல்லுக்கு வெளியே தாராளமாக விடும் பாக்டீரியா.

தேர்ந்தெடுத்தவை எந்த இனம் என்று அறிய, பாக்டீரியாக்களை அடையாளம் காட்டும் 16எஸ் மரபணுவின் வரிசையைப் படிக்க அனுப்பினோம். நன்றாக வேலை செய்தவற்றில் ஒன்று விப்ரியோ இனத்தைச் சேர்ந்ததாக வந்ததும் அதை ஒதுக்கிவிட்டோம். அகாரை உடைக்கும் விப்ரியோக்கள் எல்லாமே நோய் தருபவை என்று சொல்லவில்லை. ஆனால் உணவாகக் கூடிய ஒரு பொருளின் பாதையில் அந்த இனத்தை வைத்துக்கொள்ள எனக்கு மனமில்லை. அகாரிவோரன்ஸ் இனத்துக்கு மிக நெருங்கிய இன்னொன்றுடன் மேலே சென்றோம். உப்பு இல்லாத ஊடகத்தில் அது வளராது. குளுக்கோஸ் இருந்தால் வளரும், ஆனால் நொதியைச் சுரக்காது. எளிய உணவு கிடைக்கும்போது கடினமானதை உடைக்கும் நொதிக்கு அதற்குத் தேவையில்லை. ஆகவே குளுக்கோஸே இல்லாமல், 0.2 சதவீத அகார் சேர்த்த திரவ ஊடகத்தில், 25 டிகிரி குலுக்கியில் வளர்த்தோம். செல்களைச் சென்ட்ரிஃபியூஜில் இறக்கிவிட்டு, மேலே தெளிந்த நீரில் அம்மோனியம் சல்பேட்டை 70 சதவீதச் செறிவுவரை சிறிது சிறிதாகச் சேர்த்தால் நொதி வெண்திரியாகப் படியும். அதைக் குறைந்த அளவு பஃபரில், அதாவது பிஎச் எனும் அமில-கார அளவை நிலையாக வைத்திருக்கும் கரைசலில் கரைத்து, நொதியை உள்ளே நிறுத்தி உப்பை வெளியே விடும் டயாலிசிஸ் பையில் கட்டி இரவு முழுவதும் வைக்க வேண்டும். சமவெளியில் இதற்குக் குளிர் அறை வேண்டும். இங்கே கார்த்திகை, மார்கழி இரவுகளில் வடக்கு ஜன்னல் ஓரமே 10 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. மழைக்காற்றில் மரம் விழுந்து கம்பி அறுந்து மின்சாரம் போகும் நாட்களிலும் நொதி கெடவில்லை.

பஃபரைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நொதிக்கு டிரிஸ் பஃபர், பிஎச் 7.5 என்று பல முறைகள் சொல்கின்றன. டிரிஸின் பிஎச் வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் சுமார் 0.028 இறங்கும். 14 டிகிரி அறையில் 7.5 என்று அளந்து வைத்த டிரிஸ், வினை நடக்கும் 42 டிகிரியில் ஏறத்தாழ 6.7 ஆகிவிடும். சமவெளியிலும் இந்த இறக்கம் உண்டு, ஆனால் அங்கே அளக்கும் அறைக்கும் வினைக்கும் இடையே இவ்வளவு தூரம் இல்லை. நாங்கள் பாஸ்பேட் பஃபருக்கு மாறினோம்; வெப்பத்தால் அது அசைவது மிகக் குறைவு.

இனி வினை. அகார் உருகுவதற்கு 85 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆனால் உருகியது ஆறி, கிராசிலேரியா அகார் என்றால் 40 டிகிரி அளவுக்கு வந்த பிறகே உறையும். எங்கள் நொதியோ 45ஐத் தாண்டினால் வேகமாகச் சக்தியிழக்கிறது. ஆக, உறையவும் கூடாது, நொதி சாகவும் கூடாது என்றால் 41 முதல் 43 வரையிலான ஒரு சிறு இடைவெளிதான் மிஞ்சுகிறது. வாட்டர் பாத் 42 காட்டினாலும், குடுவையின் தண்ணீருக்கு மேலே நிற்கும் கழுத்துப் பகுதி அறைக்குளிரில் இருக்கிறது; அங்கே தெறித்த அகார் கண்ணாடியில் மெல்லிய தோலாக உறைந்து, நொதிக்கு எட்டாமல் ஒட்டிக்கொள்கிறது. குடுவையைக் கழுத்துவரை மூழ்க வைத்து, பாத்தின் மேல் மூடி போட்டு, மூடியின்மேல் பழைய கம்பளித் துணியைச் சுற்றினோம். நொதியைப் பனிக்கட்டியிலிருந்து எடுத்து அப்படியே ஊற்றவும் கூடாது. விழுந்த இடத்தில் கரைசல் சட்டென்று குளிர்ந்து, சவ்வரிசி அளவில் கட்டிகள் உண்டாகும். அவற்றின் உள்ளே நொதி மெதுவாகத்தான் புகும். கை பொறுக்கும் வெதுவெதுப்புக்கு நொதியைக் கொண்டுவந்து, குடுவையைச் சுழற்றியபடி விளிம்பு வழியாக ஊற்றினால் போதும். 1 சதவீத அகார் கரைசலுக்கு இது நன்றாகச் செல்லும். 2 சதவீதத்துக்கு ஏற்றியபோது கலக்குவதே கடினமாயிற்று.

வினை எந்த அளவுக்கு நகர்ந்திருக்கிறது என்பதை அறியக் கருவி எதுவும் இல்லாமலே ஒரு வழி கிடைத்தது. குளிர்ந்த எவர்சில்வர் தட்டைச் சாய்த்துப் பிடித்து, அதில் ஒரு துளி விட வேண்டும். உடையாத அகார் துளி சற்று தூரம் ஓடுவதற்குள் உறைந்து நின்றுவிடும். சிறிது நேரம் கழித்து எடுத்த துளி இன்னும் கீழே ஓடி, வாலுடன் உறையும். பிறகு ஒரு கட்டத்தில் துளி தட்டின் விளிம்புவரை தண்ணீராகவே ஓடிவிடும். அந்தத் தட்டிலேயே அயோடின் தொட்டு வைத்தால் முதல் துளிகள் கருஞ்சிவப்பாகவும், கடைசித் துளி அயோடினின் வெறும் மஞ்சளாகவும் தெரியும். இந்த நிலையில் உறையும் நீளமுள்ள சங்கிலிகள் தீர்ந்துவிட்டன என்று மட்டுமே பொருள். எவ்வளவு சிறிதாக உடைந்திருக்கிறது என்பதற்கு வேறு அளவைகள் வேண்டும்.

அதற்கு மில்லரின் 1959ஆம் ஆண்டு முறையான டி.என்.எஸ். சோதனையைப் பயன்படுத்தினோம். சங்கிலி அறுபடும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு புதிய ஒடுக்கும் முனை தோன்றும். அது டைநைட்ரோசாலிசிலிக் அமிலத்தை ஆரஞ்சுச் சிவப்பாக மாற்றும். நிறத்தை 540 நானோமீட்டரில் அளக்கிறோம். சோதனைக் குழாயைக் கொதிநீரில் 5 நிமிடம் வைக்கச் சொல்கிறது முறை. 93 டிகிரிக் கொதிநீரில் அந்த 5 நிமிடத்துக்குள் நிறம் முழுதாக ஏறுவதில்லை. நேரத்தை 15 நிமிடமாக நீட்டி, அதற்கு மேல் நிறம் ஏறவில்லை என்பதைப் பார்த்து உறுதிசெய்தோம். மேலும் காலக்டோஸ் அளவுகோலை ஒவ்வொரு முறையும் அதே கொதிநீரில், அதே நேரத்தில் வைக்கிறோம். சமவெளியில் போட்ட வரைபடத்தை இங்கே பயன்படுத்தினால் நொதியின் திறன் குறைவாகவே தெரியும். மொத்தச் சர்க்கரையை ஃபீனால்-கந்தக அமில முறையில் அளந்து, அதை ஒடுக்கும் முனைகளின் அளவால் வகுத்தால் துண்டுகளின் சராசரி நீளம் தெரியும். அன்ஹைட்ரோகாலக்டோஸ் இந்த நிறச் சோதனைகளில் மற்ற சர்க்கரைகளைப் போல நடப்பதில்லை என்பதால், அந்த எண்ணை நான் நேரத்தோடு இறங்கிவருகிறதா என்று பார்ப்பதற்கு மட்டுமே பயன்படுத்துகிறேன்.

உண்மையான தீர்ப்பு, கலவையில் உள்ளவற்றைத் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரித்துக் காட்டும் டி.எல்.சி. (மென்படலப் பிரிகை) தகட்டில்தான். சிலிக்கா தகட்டின் அடியில் புள்ளிகள் வைத்து, பியூட்டனால், அசிட்டிக் அமிலம், தண்ணீர் மூன்றையும் 2:1:1 என்ற அளவில் கலந்த கரைசலில் நிறுத்தினோம். இங்கத்தியக் குளிரில் அது ஏறுவது மிக மெதுவாக இருக்கும். காலை ஓட்டமும் மதிய ஓட்டமும் ஒரே உயரத்தில் நிற்காது என்பதால், ஒப்பிட வேண்டிய தூய சர்க்கரைகளை அதே தகட்டில் வைப்பது கட்டாயம். ஓடி முடிந்த தகட்டில் கந்தக அமிலம் கலந்த எத்தனாலைத் தெளித்துச் சூடாக்கியபோது வந்த காட்சியை மாணவிகள் சுற்றி நின்று பார்த்தார்கள். அமிலத்தில் உடைத்த அகார் நின்ற வரிசையில் அடியிலிருந்து மேலே வரை ஒரே பழுப்பு இழுவை. நொதியில் உடைத்த வரிசையில் தெளிவாகப் பிரிந்த இரண்டு கரும்புள்ளிகள், டெட்ரோஸுக்கு நேராக ஒன்று, அதற்குக் கீழே ஹெக்சோஸுக்கு நேராக மற்றொன்று, மேலே பயோஸ் இருக்க வேண்டிய இடத்தில் மிக மங்கலான ஒரு நிழல். நான்கும் ஆறுமாக நிறுத்திவிடுவது, நொதிகளை வகைப்படுத்தும் முறையில் ஜிஎச்16 எனப்படும் குடும்பத்து அகாரேஸ்களின் வழக்கம். ஜிஎச்50 குடும்பத்தவை பெரும்பாலும் பயோஸ்வரை கொண்டுபோய்விடும். நமக்கு எது வேண்டும் என்பதைப் பொறுத்தே பாக்டீரியாவைத் தேர வேண்டும். சருமப் பூச்சுத் துறையினர் நியோஅகாரோபயோஸை நாடுகிறார்கள்; குடலுக்கு என்று பார்த்தால் நான்கும் ஆறுமே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகின்றன.

வினையை முடிக்கக் கொதிக்க வைத்து நொதியைக் கொன்று, திரிந்த புரதத்தை இறக்கிய பிறகு மிஞ்சுவது சர்க்கரையும் பாஸ்பேட்டும் கலந்த நீர். உப்பை நீக்க, செயலூட்டிய கரியைச் செலைட் என்ற வடிகட்டும் தூளுடன் கலந்து கண்ணாடிக் குழாயில் அடைத்துப் பயன்படுத்தினோம். கரி இந்தச் சர்க்கரைகளைப் பிடித்துக்கொள்ளும், உப்பைப் பிடிக்காது. வாலைவடிநீரால் கழுவிக்கொண்டே வந்து, வீட்டுக் குடிநீரைச் சோதிக்கும் டி.டி.எஸ். பேனாவைக் கீழே வடியும் நீரில் நனைத்துப் பார்த்தால், எப்போது உப்பு தீர்ந்தது என்பது தெரிந்துவிடும். பிறகு 10 சதவீதம், 30 சதவீதம் என்று எத்தனாலின் செறிவை ஏற்றிக்கொண்டே போனால் சிறியவை முதலிலும் பெரியவை பின்னும் இறங்குகின்றன. இந்த முழு வேலையிலும் அதிகப் பொறுமையைக் கேட்பது இந்தக் கழுவல்தான். ஆனால் உப்புக் கரிக்கும் தூளை எவரிடமும் காட்ட முடியாது.

உலர்த்துவதில் மலை எங்களுக்கு எதிராகவே நின்றது. ஐப்பசி மூடுபனி ஜன்னல் இடுக்கில் புகுந்து அறைக்குள்ளேயே நிற்கும் நாட்களில், சூட்டடுப்பில் 50 டிகிரியில் உலர்த்திய தூளைத் தராசில் வைத்தால் கடைசி இலக்கம் கண்ணெதிரே ஏறிக்கொண்டே போகும். சிறிது நேரத்தில் தூளின் ஓரம் பளபளத்து, கரண்டியில் பாகு போல இழுபடும். உறைநிலை உலர்த்தி எங்களிடம் இல்லாததால் சமவெளியில் உள்ள ஒரு கூடத்தில் உலர்த்தி வாங்கினோம். அங்கே காற்றுப் புகாமல் மூடிய பொட்டலங்கள் பெருமாள்மலை ஏறுவதற்குள் உப்பி, ஓரம் பிரியத் தொடங்கிவிடுகின்றன. ரப்பர் அடைப்பான் போட்டு அலுமினிய வளையம் இறுக்கிய சிறு கண்ணாடிக் குப்பிகளில் அடைத்த பிறகே தூள் தூளாக வந்து சேர்ந்தது. அந்தக் குப்பிகளையும் நீலச் சிலிக்கா போட்ட உலர்கலனுக்குள்ளேயே திறக்கிறோம்.

கட்டக்கோரை என்ற சர்காசத்திலும் கை வைத்துப் பார்த்தோம். அதில் உள்ளது ஆல்ஜினேட். அதை உடைக்கும் லையேஸ் நொதி வெட்டும் இடத்தில் ஓர் இரட்டைப் பிணைப்பை விட்டுச் செல்வதால், 235 நானோமீட்டரில் நேரடியாக அளந்துவிடலாம், கொதிநீர்த் தொல்லை இல்லை. ஆனால் பழுப்புப் பாசியின் ஃபீனால்கள் நிறத்தையும் அளவையும் கெடுத்தன. மேலும் ஹிஜிகி போன்ற சில சர்காச வகைகளில் கனிம ஆர்செனிக் மிகுந்திருப்பது தெரிந்ததே. அந்தச் சோதனை வசதி கைக்கு வரும்வரை அதை நிறுத்தி வைத்திருக்கிறோம்.

செய்தி பரவியதும், மாத்திரைக் குப்பியில் போட்டுத் தர முடியுமா, சர்க்கரை நோய்க்குக் கேட்குமா என்று சிலர் விசாரித்தார்கள். எவருக்கும் ஒரு துளிகூட உண்ணத் தரவில்லை, தரவும் மாட்டோம். இந்தியாவில் ஊட்டத்துணைகளுக்கென உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையத்தின் 2016ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் இருக்கின்றன. உணவாகப் பழக்கத்தில் இல்லாத பொருள்களுக்கு முன் ஒப்புதல் கேட்கும் 2017ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளும் இருக்கின்றன. அவற்றுக்கு முன்பே, ஈயம், காட்மியம், ஆர்செனிக், அயோடின் அளவுகளும், பாக்டீரியாவிலிருந்து வந்த எண்டோடாக்சின் என்ற நச்சு எதுவும் மிஞ்சியிருக்கிறதா என்பதும் தெரிந்தாக வேண்டும். கல்லூரி ஆய்வுக்கூடத்தில் செய்த தூள், எவ்வளவு வெண்மையாக இருந்தாலும், ஆய்வுப் பொருள் மட்டுமே.

இப்போது நடந்துகொண்டிருப்பது வளர்ச்சிச் சோதனை. ஆக்சிஜன் நீக்கிய ஜாடியில், ஒரே ஊடகத்தில், சர்க்கரை எதுவும் இல்லாமல் ஒரு குழாய், குளுக்கோஸுடன் ஒன்று, உடைக்காத அகாருடன் ஒன்று, கரியிலிருந்து இறக்கிய எங்கள் தூளுடன் ஒன்று என வைத்து, பிஃபிடோபாக்டீரியத்தை 37 டிகிரியில் வளர்க்கிறோம். குளுக்கோஸ் குழாய் முதலில் கலங்குகிறது. தூள் சேர்த்த குழாய் அதற்குப் பின்தங்கிக் கலங்குகிறது. உடைக்காத அகாரும் சர்க்கரை இல்லாத குழாயும் தெளிவாகவே நிற்கின்றன. நான்கு சர்க்கரைத் துண்டையும் ஆறு சர்க்கரைத் துண்டையும் தனித்தனியே பிரித்துக் கொடுத்து, அந்தப் பாக்டீரியா இவற்றில் எதை எடுத்துக்கொள்கிறது என்பதை எஞ்சிய நீரை டி.எல்.சி. தகட்டில் ஓட்டிப் பார்ப்பது அடுத்த வேலை. அதற்குப் போதுமான அளவு தூள் சேர, கஞ்சிப் பாசியின் அடுத்த சாக்கு வந்து சேர வேண்டும்.